எண் போட வராத மனிதர்: அல்பிரட் பினேயும் பிள்ளைகளின் மனதை அளக்கும் சோதனைகளும்

கடந்த சில ஆண்டுகளாக எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகை இணைப்பு அடிக்கடி வந்து விழுகிறது. பிள்ளையின் நுண்மதி எவ்வளவு, கவனக்குறைபாடு இருக்கிறதா, பதின்ம வயதுப் பிள்ளை மனச்சோர்வில் இருக்கிறாரா என்று பத்தே நிமிடத்தில் சொல்லிவிடும் இணையவழிச் சோதனைகள் அவை. கேள்விகளுக்குப் பதிலாக ஒரு கட்டத்தில் அழுத்த வேண்டும். கடைசியில் ஓர் எண் வரும், அல்லது சிவப்பு, மஞ்சள், பச்சை என ஒரு நிறம் வரும். அந்த எண்ணைப் பார்த்து இரவிரவாக நித்திரை இல்லாமல் இருந்த தாய்மாரோடு நான் பேசியிருக்கிறேன்.

எங்கள் சமூகத்துக்குப் படிவங்கள் புதியவை அல்ல. முகாம்களிலும் பின்னர் மீள்குடியேறிய கிராமங்களிலும் கோப்பும் பேனையுமாக வந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்தது. எத்தனை பேரை இழந்தீர்கள், கெட்ட கனவு வருகிறதா, சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறீர்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்தவர்கள் சிலரே. ஆகவே பிள்ளையின் மனதை அளப்பது என்ற வேலையை முதன்முதலில் ஒழுங்காகச் செய்தவர் யார், எதற்காகச் செய்தார் என்று தேடினேன். கல்வி உளவியல் படித்த எங்கள் ஆசிரியர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். பினே – சிமோன் சோதனை என்று பாடக்குறிப்பில் ஒரு வரியாக வந்து போகும் பெயர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை எங்கள் பெற்றோர் அறிந்துவைப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

பயந்த சிறுவன்

அல்பிரட் பினே 1857 ஜூலை 8ஆம் திகதி நீஸ் நகரில் பிறந்தார். அப்போது அந்நகர் சார்டினிய அரசுக்குள் இருந்தது. மூன்று வருடங்களின் பின்னரே பிரான்சோடு இணைந்தது. தந்தை மருத்துவர், தாய் ஓவியர். இருவரும் பிரிந்துவிட, பினே தாயோடு வளர்ந்தார். சிறுவயதில் அவர் பயந்த சுபாவம் உள்ளவர். அந்தப் பயத்தைப் போக்குவதற்காகத் தந்தை அவரை ஒரு பிணத்தைத் தொட வைத்தார் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பயம் போகவில்லை, கூடியது. பிணங்களைத் தாண்டி நடந்து வந்த பிள்ளைகளைக் கண்ட எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பதினைந்து வயதளவில் தாயோடு பரிஸ் நகருக்கு வந்து, பெயர்பெற்ற லூயி லு கிராண்ட் பாடசாலையில் படித்தார். 1878இல் சட்டத்தில் பட்டம் பெற்றார். அந்தத் தொழில் பிடிக்கவில்லை. மருத்துவம் படிக்கத் தொடங்கி அதையும் இடையில் விட்டார். பிறகு பரிஸ் தேசிய நூலகத்தில் இருந்து உளவியல் நூல்களைத் தானே வாசித்தார். அந்தத் துறையில் அவருக்கு முறையான குரு என்று ஒருவரும் இருக்கவில்லை.

மாணவராக இருந்தபோது மெய்யியல் வாய்மொழிப் பரீட்சையில் ஒரு பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். அதற்காகப் பரீட்சகர், இந்தப் பையனுக்கு மெய்யியல் சிந்தனை ஒருநாளும் வராது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். முப்பது வருடங்களின் பின்னர் பிள்ளைகளைப் பற்றி எழுதிய நூலில் பினே இதை நினைவுகூர்ந்தார். ஒருநாளும் வராது என்ற சொல் எவ்வளவு பாரமானது என்பதைக் காட்டவே அதை எழுதினார்.

காந்தம் கற்பித்த பாடம்

1880களில் பினே, பரிசின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் சார்க்கோவின் குழுவில் சேர்ந்தார். அக்காலத்தில் சார்க்கோவின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அங்கே சார்ல் ஃபெரே என்பவரோடு சேர்ந்து மனவசியத்துக்கு உட்பட்ட நோயாளிகளிடம் பரிசோதனைகள் செய்தார். உடலின் ஒரு பக்கத்தில் இருக்கும் மரப்பை ஒரு காந்தத்தை வைத்து மறுபக்கத்துக்கு மாற்றலாம், ஓர் உணர்ச்சியை அதன் எதிர் உணர்ச்சியாகத் திருப்பலாம் என்று இருவரும் எழுதினார்கள்.

பெல்ஜிய ஆய்வாளர் டெல்பேஃப் நேரில் வந்து பார்த்தார். நோயாளியின் முன்னாலேயே என்ன நடக்கப்போகிறது என்று சத்தமாகப் பேசுகிறார்கள், காந்தத்தை ஒளிக்காமல் வைக்கிறார்கள் என்பதைக் கண்டார். நோயாளி, பரிசோதகர் எதிர்பார்ப்பதைச் செய்துகாட்டினார், அவ்வளவுதான். நான்சி நகர மருத்துவர்களும் இதையே சொன்னார்கள். சில வருடங்கள் எதிர்த்து வாதாடிய பினே, கடைசியில் வெளிப்படையாகப் பின்வாங்க வேண்டி வந்தது. 1890 அளவில் சல்பெத்ரியேரை விட்டு வெளியேறினார்.

அவருடைய பிற்கால வேலைகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தோல்விதான் அடித்தளம் என்று எனக்குப் படுகிறது. கேட்பவரின் எதிர்பார்ப்பு, பதில் சொல்பவரின் வாயில் போய் இருந்துவிடும் என்பதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டார். 1900இல் வெளியிட்ட நூலில் இதையே பிள்ளைகளிடம் சோதித்துக் காட்டினார். ஒரு மட்டையில் காசு, முத்திரை, பொத்தான் போன்ற சில பொருட்களை ஒட்டி, சில விநாடிகள் காட்டி எடுத்துவிடுவார். கண்டதைத் தாமாக எழுதச் சொன்னபோது பிள்ளைகள் குறைவாக எழுதினாலும் பெரும்பாலும் சரியாக எழுதினார்கள். பொத்தான் எந்த விதமாக நூலால் கட்டப்பட்டிருந்தது என்று கேட்டதும், இல்லாத நூலைப் பல பிள்ளைகள் விவரிக்கத் தொடங்கினார்கள். பொத்தான் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. நூல் இருந்தது கேள்வியில் மட்டும்தான்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள்

1884இல் பினே, கருவியல் அறிஞர் பல்பியானியின் மகள் லோரைத் திருமணம் செய்தார். மடலேன், அலிஸ் என இரண்டு பெண் பிள்ளைகள். வேலை இழந்திருந்த காலத்தில் இந்த இரு பிள்ளைகளையும் கவனமாகப் பார்த்து எழுதத் தொடங்கினார். நடக்கப் பழகும்போது மூத்தவள் எட்டும் தூரத்தில் பிடிமானம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அடி வைத்தாள். இளையவள் விழுவதைப் பற்றிக் கவலையே இல்லாமல் வெட்டவெளிக்குள் இறங்கி நடந்தாள். ஒரே வீடு, ஒரே தாய் தந்தை, இரண்டு வேறு மனங்கள். இருவரில் யார் கெட்டிக்காரி என்று அவர் கேட்கவில்லை. யார் எப்படி யோசிக்கிறார் என்றே கேட்டார். இந்த அவதானிப்புகளை வளர்த்து 1903இல் ஒரு பெரிய நூலாக்கினார். அதில் பிள்ளைகளின் பெயர்களை மாற்றிப் போட்டிருந்தார்.

1891இல் சோர்போன் பல்கலைக்கழக உளவியல் ஆய்வுகூடத்தில் சம்பளம் இல்லாமல் சேர்ந்து, சில வருடங்களில் அதன் இயக்குநரானார். உளவியலுக்கென ஒரு பிரெஞ்சு ஆண்டிதழை ஆரம்பித்தார். பெரிய பேராசிரியர் பதவிகளுக்கு விண்ணப்பித்தார், அவை பிறருக்குப் போயின. ஓய்வு நேரத்தில் பயங்கர நாடகங்களுக்குப் பெயர்போன அந்த்ரே டெ லோர்டோடு சேர்ந்து மேடை நாடகங்களும் எழுதினார்.

மண்டை ஓட்டின் அளவுக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டு என்று அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். பினேயும் நம்பித்தான் அளவுகோலோடு பாடசாலைகளுக்குப் போனார். கெட்டிக்காரர் என்று ஆசிரியர் சொன்ன பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் மில்லிமீற்றர் கணக்கில்தான் வித்தியாசம் வந்தது. அதைவிட முக்கியமாக, தன் எதிர்பார்ப்பே தன் கையை இழுத்து அளவை மாற்றுகிறது என்று சந்தேகித்து மீண்டும் அளந்து பார்த்தார். மண்டை அளப்பதில் இருந்த நம்பிக்கை அத்தோடு குறைந்துபோனது.

முப்பது சிறு வேலைகள்

1882இல் பிரான்ஸ் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதுவரை பாடசாலைப் பக்கம் வராத பிள்ளைகளும் வகுப்பறைக்குள் வந்தார்கள். அவர்களில் சிலரால் சாதாரண வகுப்பில் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர்களை மனநல விடுதிகளுக்கு அனுப்புவதா, பாடசாலையிலேயே வைத்து வேறு விதமாகப் படிப்பிப்பதா என்பது பெரிய விவாதமாக இருந்தது. 1904இல் அரசு லியோன் பூர்ஷ்வா தலைமையில் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. பினே அதில் ஓர் உறுப்பினர். பாடசாலையோடு சேர்ந்த விசேட வகுப்புகள் வேண்டும் என்ற பக்கத்தில் அவர் நின்றார்.

அந்த வகுப்புகளுக்கு யாரை எடுப்பது? ஆசிரியரின் சொல்லை மட்டும் நம்பினால், குழப்படி செய்யும் பிள்ளையைத் தன் வகுப்பிலிருந்து கழற்றிவிடுவதற்கும் அந்தச் சொல் பயன்படும் என்று பினே பயந்தார். அதனால் இளம் மருத்துவர் தியோடோர் சிமோனோடு சேர்ந்து 1905இல் முப்பது வேலைகள் கொண்ட ஓர் அளவுத்திட்டத்தை வெளியிட்டார்.

முதல் வேலை, எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்வது. பிறகு சொக்லேற் துண்டையும் மரத்துண்டையும் வேறுபடுத்துவது, உடல் உறுப்புகளைக் காட்டுவது, மூன்று இலக்கங்களைத் திருப்பிச் சொல்வது என்று போகும். ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வி. ஒரே தோற்றமுள்ள 3, 6, 9, 12, 15 கிராம் நிறைகளை ஒழுங்காக அடுக்குவது இன்னொன்று. கடைசியில் சலிப்புக்கும் கவலைக்கும் உள்ள வேறுபாடு போன்ற கடினமான கேள்விகள். பாடசாலையில் படித்ததை ஒப்புவிக்க வேண்டியதில்லை. ஐம்பது வரையான சாதாரண பிள்ளைகளிடம் பார்த்து, எந்த வயதுப் பிள்ளை எதுவரை போகும் என்று முதலில் கணித்தார்கள். 1908இல் இன்னும் அதிகமான பிள்ளைகளைச் சோதித்து, 3 முதல் 13 வரை வயதுவாரியாக வேலைகளை அடுக்கினார்கள். இதிலிருந்தே மனமட்டம் என்ற கருத்து பிறந்தது.

இதைச் செய்யும் முறையையும் அவர்கள் விதித்தார்கள். அமைதியான அறையில் ஒரு பிள்ளையோடு மட்டும் இருக்க வேண்டும். முதலில் பிள்ளையின் பயத்தைப் போக்க வேண்டும். முகம் கோணாமல் உற்சாகப்படுத்த வேண்டும், ஆனால் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. காசு போட்டால் எடையைச் சீட்டில் அச்சிட்டுத் தரும் ரயில் நிலைய இயந்திரம் போன்றது அல்ல இது என்று பினே எழுதினார். நூறு வருடங்களுக்கு முந்திய அந்த எச்சரிக்கை, இன்று எங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் இணைப்புகளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

இன்னும் இரண்டு விடயங்களை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்று, இந்தச் சோதனை பிள்ளையின் இன்றைய நிலையை மட்டுமே காட்டும். ஏன் இப்படி இருக்கிறார் என்றோ, நாளை என்ன ஆவார் என்றோ சொல்லாது. மற்றது, அறிவு என்பது நீளம் அகலம் போல அளந்து ஓர் எண்ணில் அடக்கக்கூடிய பொருள் அல்ல.

பெல்ஜியத்தில் வசதியான குடும்பப் பிள்ளைகளிடம் அதே சோதனையைச் செய்தபோது அவர்கள் பரிசின் தொழிலாளர் பகுதிப் பிள்ளைகளைவிட முன்னுக்கு நின்றார்கள். பினே இதை மறைக்கவில்லை. வீட்டில் பேசப்படும் மொழியும் வசதியும் பதில்களுக்குள் வந்துவிடுகின்றன என்பதை அவர் கவனத்தில் எடுத்தார்.

1909இல் எழுதிய நூலில், அறிவு பிறப்போடு நிர்ணயமானது, மாறாது என்போரைக் கடுமையாகச் சாடினார். பயிற்சியால் அது வளரும் என்றார். பின்தங்கிய பிள்ளைகளுக்கு மன உடற்பயிற்சிகளை அமைத்தார். சிலைபோல் அசையாமல் நிற்கும் விளையாட்டு, பல பொருட்களை ஒரு கணம் பார்த்து நினைவில் வைக்கும் விளையாட்டு என அவை இருந்தன. எழுத்தும் கணக்கும் பிறகு வரட்டும், முதலில் கவனிக்கவும் அமைதியாக இருக்கவும் பழகட்டும் என்பது அவர் எண்ணம். அதே வருடம் பிரான்சில் விசேட வகுப்புகளுக்கான சட்டமும் வந்தது. சோதனை முடிந்த பிள்ளைக்குப் போய்ச்சேர ஒரு வகுப்பறை கிடைத்தது.

1911 ஒக்ரோபர் 18ஆம் திகதி, 54ஆவது வயதில், பினே இறந்தார்.

அவர் இறந்த பிறகு

அடுத்த வருடமே ஜெர்மனியின் வில்லியம் ஸ்டேர்ன் மனவயதை உண்மை வயதால் வகுத்து ஓர் ஈவாகச் சொல்லலாம் என்றார். 1916இல் அமெரிக்காவின் லூயிஸ் டேர்மன் அதை நூறால் பெருக்கி, ஸ்டான்ஃபோர்ட் – பினே சோதனையாக வெளியிட்டார். நுண்மதி ஈவு என்று நாங்கள் சொல்லும் எண் இப்படித்தான் வந்தது. பினே தன் வாழ்நாளில் அந்த எண்ணைப் பயன்படுத்தவில்லை.

சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஹென்றி கொடார்ட், அறிவு பரம்பரையாக வருவது, மாறாதது என்று நம்பினார். அவரது உதவியாளர்கள் நியூயோர்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில், மூன்றாம் வகுப்பில் கப்பலேறி வந்து இறங்கிய குடிவரவாளர்களை மொழிபெயர்ப்பாளர் ஊடாகச் சோதித்தார்கள். கடலைக் கடந்து களைத்து வந்தவர்கள் அவர்கள். அந்நிய நாட்டு அதிகாரியின் முன்னால் அச்சத்தோடு நின்றார்கள். சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் மனவளர்ச்சி குன்றியோர் என்று முடிவு வந்தது. அகதியாக விமான நிலையங்களில் கேள்விகளுக்குப் பதில் சொன்ன எங்கள் உறவுகளை நினைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதியை நான் வாசித்தேன். பல வருடங்களின் பின்னர், 1928இல், கொடார்ட் தன் பழைய முடிவுகள் பலவற்றைக் கைவிட்டார். அதற்குள் நடக்க வேண்டியவை நடந்துவிட்டன.

முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் ஏறத்தாழ 17 இலட்சம் பேருக்கு இவ்வகைச் சோதனைகள் கூட்டமாக நடத்தப்பட்டன. அமெரிக்க விற்பனைப் பொருட்களின் பெயர்களும் கேள்விகளில் இருந்தன. வேர்ஜீனியா மாநிலத்தில் கரி பக் என்ற இளம்பெண் இந்தச் சோதனையின்படி ஒன்பது வயது மனவயது உள்ளவர் எனப்பட்டார். அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நிறைவேற்றவும் பட்டது. குறைபாடுள்ள பிள்ளை என்று கைக்குழந்தையிலேயே முத்திரை குத்தப்பட்ட அவரது மகள், பின்னர் பாடசாலையில் திறமைப் பட்டியலில் இடம்பெற்றார். எட்டு வயதில் நோயால் இறந்துபோனார்.

பினேயை முழுவதும் விடுவித்துவிடவும் முடியாது. பிள்ளைகளை வகைப்படுத்த அக்காலத்துக் கடுஞ்சொற்களையே அவரும் பயன்படுத்தினார். வயதுவாரியாக அடுக்கிய அவரது திட்டமே, அதை ஓர் எண்ணாகச் சுருக்குவதற்கு வழி திறந்தது. ஆனால் அவர் எந்தப் பிள்ளையையும் வெளியே தள்ளுவதற்கு அதைச் செய்யவில்லை. 1961வரை வாழ்ந்த சிமோன், அந்த ஈவு தங்கள் நோக்கத்துக்குச் செய்த துரோகம் என்றே கடைசிவரை கருதினார்.

எங்கள் பிள்ளைகளுக்கு

எங்கள் சூழலில் நுண்மதி என்ற சொல் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டுப்புள்ளிக்கு மேலே இருந்தால் கெட்டிக்காரர், கீழே என்றால் இல்லை என்ற கணக்கு பத்து வயதிலேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதற்குப் பழகிய பெற்றோருக்கு, இணையத்தில் வரும் இன்னோர் எண்ணையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது இலகு.

இணையவழி மதிப்பீடு எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. 1997இல் பிரித்தானிய மனநல மருத்துவர் ரொபர்ட் குட்மன் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட படிவம் தமிழிலும் இருக்கிறது. ஒழுங்காக ஆராய்ந்து செய்யப்பட்டது. அதுவுங்கூட, மேலும் பார்க்க வேண்டிய பிள்ளை யார் என்று வடித்தெடுக்கத்தான், நோயைத் தீர்மானிக்க அல்ல. நிபுணர் தூரத்தில் இருக்கும் வன்னிக் கிராமம் ஒன்றில், பயிற்சி பெற்ற ஒருவர் காணொளி வழியாகப் பிள்ளையோடு பேசுவது பெரிய உதவி. யாருமே இல்லாமல் திரை மட்டும் கேள்வி கேட்டு முத்திரை குத்துவது வேறு விடயம்.

அப்படி ஓர் இணைப்பு வந்தால் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதைச் செய்தவர் யார், எந்த நாட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்தார்? மொழி பிள்ளைக்கு உண்மையில் விளங்குகிறதா? கேள்வியே பதிலை ஊட்டுகிறதா? பிள்ளையின் பெயரும் பதில்களும் எங்கே போய்ச் சேருகின்றன? எல்லாவற்றையும்விட, முடிவு வந்த பிறகு பிள்ளைக்கு உதவ யார் இருக்கிறார்?

தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளை வகுப்பில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பதைத் திரை கவனக்குறைபாடு என்று சொல்லக்கூடும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை அறிய ஒருவர் பிள்ளைக்கு அருகில் இருந்து, வீட்டு நிலையையும் கேட்டு, வேறு நாளிலும் பார்க்க வேண்டும்.

பிள்ளையின் நித்திரையும் சாப்பாடும் பேச்சும் வாரக்கணக்கில் மாறியிருந்தால், அல்லது சாவைப் பற்றிப் பேசினால், எந்த இணைப்பையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அருகிலுள்ள அரச மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடமோ போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. போகும்போது திரையில் வந்த எண்ணைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையிடம் நீங்கள் கண்ட மாற்றங்களை, எப்போது தொடங்கின என்பதோடு எழுதிக்கொண்டு போங்கள். தன் இரண்டு மகள்மாரைப் பற்றிப் பினே கொப்பியில் எழுதிவைத்ததும் அப்படித்தான்.